வியர்வைக் குடில் (இனிபி): கல், நீராவி, நான்கு சுற்று

நீர்க்கரை

அமெரிக்கப் பூர்வகுடிகளின் வியர்வைக் குடில் பற்றித் தமிழில் தேடினால் இரண்டு வகைதான் அகப்படுகிறது. ஒன்று, "உடம்பு நச்செல்லாம் இறங்கிவிடும்" என்கிற விளம்பரம். மற்றது, 2009-ல் அரிசோனாவில் மூன்று பேர் இறந்த செய்தி. நடுவில் இருக்கிற சடங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடிலை எப்படிக் கட்டுகிறார்கள், என்ன கல், எவ்வளவு தண்ணீர், கதவை ஏன் நாலு தடவை திறக்கிறார்கள்? எல்லாப் பழங்குடிகளையும் ஒன்றாகக் குழப்பாமல் ஒரே மக்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும். நம்ம ஊரில் வேது பிடிப்பதும் இதுவும் ஒன்றுதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்

லக்கோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். வடக்கு, தெற்கு டகோட்டா சமவெளி மக்கள். அவர்கள் மொழியில் இதன் பெயர் இனிபி. "நி" என்ற வேர் உயிரையும் மூச்சையும் குறிக்கும். "மறுபடி உயிர்த்தல்" என்று பொருள் சொல்வார்கள். வெள்ளை எருமைக்கன்றுப் பெண் புனிதச் சுங்கானை (புகைக்குழாயை)க் கொண்டுவந்தாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சுங்கானோடு சேர்ந்த ஏழு சடங்குகளில் இதுவும் ஒன்று. தனியாகவும் நடக்கும். மலையில் தனித்திருந்து நோன்பு நோற்கும் ஹன்ப்ளேச்சியாவுக்கு முன்னும் பின்னும், உண்ணாமல், தண்ணீர் குடிக்காமல் நாட்கணக்கில் ஆடும் சூரிய நடனத்துக்கு முன்னும் கட்டாயம் நடக்கும். பெரிய சடங்குக்குள் நுழையக் குளித்துவிட்டு வருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கட்டுமானம். சட்டகம் இளம் வில்லோக் கழிகளால் ஆனது. அடிப்பக்கம் கட்டைவிரல் பருமன், நீளம் சுமார் 3 மீட்டர், எண்ணிக்கை 12 முதல் 16. வெட்டும் முன் மரத்துக்குப் புகையிலை வைத்து வேண்டுவார்கள். சாறு ஓடும் வசந்த காலத்தில் வெட்டினால் கழி ஒடியாமல் வளையும், பட்டையும் நாராக உரியும். அந்த நாரே கட்டுக்கயிறு. காய்ந்த கழியை வளைத்தால் நடுவில் பிளந்துவிடும்.

3 மீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டு, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் ஆழத்துக்குக் குழி குத்தி, எதிரெதிர்க் கழிகளை வளைத்து உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று படிய விட்டுக் கட்டுவார்கள். இந்த அளவில் ஒரு மீட்டர் போல மேல்படிவு கிடைக்கும். அதைவிடக் குறைந்தால் போர்வைப் பாரத்தில் உச்சி தொய்ந்துவிடும். நடு உயரம் இடுப்புக்குச் சற்று மேல், சுமார் 1.2 மீட்டர். யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி. வாசலும் தாழ்வானது, தவழ்ந்துதான் போக வேண்டும்.

நடுவில் இரண்டடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குக் கல்குழி. அதில் எடுத்த மண்ணை எறிய மாட்டார்கள். வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சிறு மேடாகக் குவிப்பார்கள், அதுதான் பலிபீடம். சுங்கான் அங்கே சாய்ந்திருக்கும். மேட்டைத் தாண்டி அதே நேர்கோட்டில் நெருப்பு. நெருப்புக்கும் வாசலுக்கும் நடுவே குறுக்கே நடக்கக் கூடாது.

மேல்மூடி முன்பு எருமைத் தோல். இப்போது கித்தானும் கம்பளியும். பருத்தி, கம்பளி என்றால் கொஞ்சமாவது காற்று ஊடுருவும். நெகிழித் தார்ப்பாயை நேரடியாகப் போட்டால் ஊடுருவாது, சூட்டில் நாறவும் செய்யும். வாசல் கிழக்கு நோக்கி இருக்கும்.

மரிக்கொழுந்து

> வாசல் கிழக்கு நோக்கி இருக்கும்.

சின்னத் திருத்தம். பழைய விவரிப்புகளில் கிழக்கு உண்டு. இன்றைய லக்கோட்டாக் குடில்களில் மேற்கு வாசல் நிறையவே இருக்கிறது. இடியுருவங்களான வாகின்யான்கள் மேற்கில்தான் குடியிருப்பதாக நம்பிக்கை. நடத்துபவர் யாரிடம் கற்றாரோ அவர் வழியே வாசல். "இதுதான் சரி" என்று ஒரே திசையைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

தரை பற்றி நீங்கள் சொல்லவில்லை. தரையில் பேஜி ஹோட்டா என்கிற சாம்பல்நிறச் செடியைப் பரப்புவார்கள். ஆங்கிலத்தில் சேஜ் என்பார்கள், ஆனால் சமையலறைச் சேஜ் வேறு. இது ஆர்ட்டிமீசியா இனம், நம்ம மாசிப்பத்திரிக்கும் மரிக்கொழுந்துக்கும் உறவுக்காரச் செடி. (என் பெயர்க் காரணம் அது இல்லை!) அதே செடியை ஒரு பிடி கையிலும் கொடுப்பார்கள். சூடு தாங்காதபோது மூக்கருகே வைத்து மூச்சு விடுவதற்கு.

கல் உள்ளே வந்ததும் அதன்மேல் அவர்கள் சீடர் என்று சொல்லும் ஜூனிபர் இலைத் தூள் தூவுவார்கள், இனிப்புப் புல்லின் பின்னலையும் தொட்டுப் புகைக்க வைப்பார்கள். கிள்ளியெடுக்கும் அளவுதான். அள்ளிப் போட்டால் மூடிய இடத்தில் புகை கண்ணைக் கரிக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வந்துவிடும்.

சுங்கானில் போடுவது சான்ஷாஷா. செந்தண்டு டாக்வுட் செடியின் உள்பட்டையைச் சுரண்டிக் காயவைத்தது. மயக்கம் தரும் பொருள் எதுவும் இதில் இல்லை. இணையத்தில் ஆயவாஸ்கா என்ற மயக்கக் கஷாயத்தோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது தென்னமெரிக்காவின் வேறு சங்கதி.

தெற்கத்தியான்

கல் விஷயத்துக்கு வாங்க அண்ணே. ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் உருண்டையா அழகா இருக்குமே, அதைப் போடலாமா?

கருங்கல்

போடவே கூடாதது அதுதான். ஆற்றுக்கல்லின் நுண்துளைகளில் நீர் ஊறியிருக்கும். நெருப்பில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லையே வெடிக்க வைக்கும். சில்லு கண்ணில் பட்டால் பார்வை போகும். மணற்கல்லும் அடுக்குப்பாறையும் தகடு தகடாகப் பிரியும். சுண்ணாம்புக்கல் 800 டிகிரிக்கு மேல் போனால் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அதன்மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பளிங்குப் படிகம் (குவார்ட்ஸ்) நிறைந்த கல்லும் ஆகாது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென உப்பும், கல் விரிசல் விடும். கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு என்பதால் அதுவும் நம்பகமில்லை.

நல்லது எரிமலைக்கல். பசால்ட், அல்லது துளையுள்ள லாவாக்கல். தலையளவைவிடச் சிறியது, ஒன்று 3 முதல் 5 கிலோ. உலர்ந்த மேட்டு நிலத்தில் எடுத்தது. ஒரு தடவை சுட்ட கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் சரி, "டப்" என்றால் உள்ளே விரிசல். லாவாக்கல்லையும் பல சடங்குகளுக்குப் பிறகு ஓய்வு கொடுத்து மண்ணில் விட்டுவிடுவார்கள்.

அவர்கள் மொழியில் கல்லுக்குத் துன்கான் என்று பெயர், தாத்தா என்ற சொல்லோடு உறவுள்ளது. எல்லாவற்றுக்கும் மூத்தது கல் என்பது எண்ணம். அதனால் ஒவ்வொரு கல் உள்ளே வரும்போதும் பாட்டனை வரவேற்கிற மரியாதை இருக்கும்.

நெருப்பு: கீழே நாலு கட்டையைக் கிழக்கு மேற்காகவும், அதன்மேல் நாலைத் தெற்கு வடக்காகவும் அடுக்கி, அதன்மேல் கல்லைக் குவித்து, சுற்றிலும் விறகைக் கூம்பாகச் சாத்துவார்கள். இரண்டு மணி நேரம் குறைந்தபட்சம், ஈர விறகு என்றால் மூன்று. கல் மங்கிய சிவப்பில் தெரிய வேண்டும். கதவை மூடி, கல்லில் தண்ணீர் ஊற்றி, மறுபடி திறக்கும்வரை ஒரு சுற்று. கறுப்பாக இருக்கும்போதே எடுத்தால் இரண்டாம் சுற்றிலேயே நீராவி செத்துவிடும். வண்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம் எரிக்கக் கூடாது, அதன் நச்சு கல்லில் படிந்து உள்ளே வரும்.

எடுப்பது நீண்ட பிடியுள்ள தோட்ட முள்வாரியால். வாசலில் ஊசியிலைக் கொத்தால் ஒரு தட்டுத் தட்டி ஒட்டியிருக்கும் தணலை உதறிவிட வேண்டும். சடங்குக்காரர் "கல்லைத் தூய்மை செய்கிறோம்" என்பார். ஒரு தணல் துண்டு மூடிய குடிலுக்குள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை விடும் என்பதும் அதே செயலின் இன்னொரு பக்கம். உள்ளே மான்கொம்பால் வாங்கிக் குழியில் வைப்பார்கள்.

முதல் ஏழு கல்லுக்கு இடம் உண்டு. நான்கு திசை, வானம், பூமி, நடு. அந்த ஏழும் வைத்து முடியும்வரை உள்ளே யாரும் பேச மாட்டார்கள். அதற்கப்புறம் வருபவை கணக்கின்படி.

ஆவிக்கணக்கு

கணக்கு என்றதும் வந்துவிட்டேன்.

4 கிலோ பசால்ட் கல் 600 டிகிரியிலிருந்து 100-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 1800 கிலோஜூல் தரும். ஒரு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க 2570 போல வேண்டும். அதாவது ஒரு கல்லுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 20 கல் என்றால் பதினான்கு லிட்டர் ஆவி கிளப்பும் சக்தி உள்ளே கிடக்கிறது.

இப்போது குடிலைப் பாருங்கள். 3 மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு ஐந்தரை கன மீட்டர் சொச்சம். 45 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏந்தக்கூடிய நீராவி 65 கிராம். மொத்தக் குடிலும் நிரம்ப வேண்டியது 370 கிராம். இரண்டு அகப்பைத் தண்ணீர்! அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு அகப்பையும் எங்கே போகும்? போர்வையிலும் மண்ணிலும் ஆட்கள் தோலிலும் படிந்து நீராகும். அப்போது ஒரு கிராமுக்கு 2.4 கிலோஜூல் வீதம் சூட்டை அங்கேயே இறக்கும்.

இதனால்தான் சானா என்ற சூட்டறைக் குளியல் அனுபவத்தை வைத்து இதை எடைபோடக் கூடாது. பின்லாந்துச் சானா 80, 90 டிகிரி இருந்தாலும் காற்று உலர்ந்தது, வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். குடிலில் 45-தான் இருக்கும். ஆனால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வையால் ஒரு டிகிரிகூடக் குளிர்ச்சி இல்லை.

தோராயமாக இப்படிப் போடலாம். பத்துப் பேர், ஆளுக்கு 70 கிலோ. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே 100 வாட் சூடு உண்டாக்கும். அது வெளியேறாவிட்டால் 15 நிமிடச் சுற்று ஒன்றில் உள்வெப்பம் 0.37 டிகிரி ஏறும். 200 மில்லி அகப்பை ஐந்து ஊற்றி, அதில் பாதி போர்வைக்கும் மண்ணுக்கும் போய் மீதி தோலில் படிந்தால் இன்னொரு அரை டிகிரி. ஆக ஒரு சுற்றுக்கு 0.87. கதவே திறக்காமல் நாலு சுற்று ஓட்டினால் 37 என்பது 40.5 ஆகும். 40 தாண்டினால் வெப்பத்தாக்கு.

கதவைத் திறந்தால் ஆவி ஒரு நிமிடத்தில் வெளியேறும், வியர்வை உலரத் தொடங்கும், ஏறியது இறங்கும். நான்கு முறை கதவு திறப்பது என்பது குக்கரின் வெயிட் மாதிரி.

மரிக்கொழுந்து

கணக்கு அருமை. குக்கர் உவமைதான் உறுத்துகிறது. அந்த நாலு திறப்புக்கு அவர்களிடம் சொந்தக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஒரு திசைக்கு, ஒரு வகை வேண்டுதலுக்கு. பல இடங்களில் முதல் சுற்றில் தெய்வ ஆவிகளை அழைக்கும் பாடல். இரண்டாவதில் ஒவ்வொருவரும் கடிகாரச் சுற்றாக முறைவைத்து வேண்டுவார்கள், பெரும்பாலும் பிறருக்காக. மூன்றாவதில் சுங்கான், அல்லது நோய் நீங்கப் பாட்டு. நாலாவது நன்றியும் விடைகொடுத்தலும். வரிசை ஆளுக்கு ஆள் மாறும். கும்மிருட்டு, கல்லின் சிவப்பு மட்டும். தாயின் வயிறு என்று சொல்வது அதனால்தான். வெளியே வருவது பிறப்பு. உள்ளே போகும்போதும் வரும்போதும் "மிதாகுயே ஒயாசின்" என்பார்கள், "எல்லோரும் என் உறவு" என்று பொருள். சுற்றின் நடுவே தாங்க முடியாதவர் இதே சொற்களைச் சொன்னால் கதவு திறக்கும்.

பாதுகாப்பு வால்வைக் கண்டுபிடித்து அதற்குச் சடங்கு வேஷம் போட்டார்கள் என்று படிக்கத் தேவையில்லை.

ஆவிக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு. யாராவது "சடங்கெல்லாம் வேண்டாம், சூடு மட்டும் போதும்" என்று பிரித்தெடுத்தால் அவர் கழற்றி எறிவது பாட்டை மட்டுமல்ல. கதவையும், ஆள் எண்ணிக்கையையும், சொன்னால் திறக்கும் சொல்லையும் சேர்த்தே எறிகிறார்.

கருங்கல்

2009-ஐ இந்தக் கண்ணால் பாருங்கள். அக்டோபர் 8, செடோனா அருகே. நடத்தியவர் ஜேம்ஸ் ஆர்தர் ரே, சுயமுன்னேற்றப் பேச்சாளர், லக்கோட்டா அல்ல. ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டணம். முன்னதாக 36 மணி நேரம் பாலைவனத்தில் சோறு தண்ணீர் இல்லாத நோன்பு. பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே கூடாரத்தில் உட்காரவைத்து, தார்ப்பாய் மூடி, சுமார் இரண்டு மணி நேரம். வெளியே போக நினைத்தவர்களைத் தாக்குப்பிடிக்கச் சொல்லித் தூண்டியதாக நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். 2011-ல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் மூன்றிலும் தீர்ப்பு, இரண்டு ஆண்டு சிறை.

3 மீட்டர்க் குடிலில் பத்துப் பன்னிரண்டு பேர் கணக்கு ஏன் என்பதும் இங்கே தெரியும். கை நீட்டினால் அடுத்தவர் மேல் படும், இருட்டிலும் யார் சாய்கிறார் என்று தெரியும். குரல் எல்லோருக்கும் கேட்கும். ஐம்பது பேர் இருட்டில் உட்கார்ந்தால் பின்வரிசையில் ஒருவர் விழுந்தது நடத்துபவருக்குத் தெரியவே தெரியாது. வாசலுக்குப் போக நாலு பேரைத் தாண்ட வேண்டும், நடுவில் சிவந்த கல்குழி.

தெற்கத்தியான்

இவ்வளவு கஷ்டப்பட்டாலும் நச்சு வெளியேறுது இல்ல? அதுதானே பலன்?

ஆவிக்கணக்கு

வியர்வை என்பது தண்ணீரும் உப்பும். கழிவை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது, கல்லீரலுடையது. கடும் சூட்டில் இரத்தம் தோலுக்குத் திரும்புவதால் சிறுநீரகத்துக்குப் போவது குறையவே செய்யும். இனிபியில் தூய்மை என்று சொல்வது மனம், உறவு, வேண்டுதல் சம்பந்தப்பட்டது. நச்சு நீக்கம் என்பது விளம்பரக்காரர்கள் ஒட்டவைத்தது.

வேது பற்றிக் கேட்டிருந்தார்கள். போர்வைக்குள் மூலிகைக் கொதிநீரின் ஆவி பிடிப்பது மருத்துவ முறை. ஒரு நோய்க்கு ஓர் ஆள், சில நிமிடம். நீராவி என்ற ஒன்றைத் தவிர இதோடு ஒற்றுமை இல்லை. உண்மையான ஒப்பீடு வேண்டுமென்றால் மெக்சிகோவின் தெமஸ்கால் என்ற நீராவிக் குளியல். அங்கே கல், சுடாத செங்கல்லால் நிரந்தர மாடம், பல இடங்களில் நெருப்பறை பக்கவாட்டில். பிள்ளை பெற்ற தாய்க்கும் பயன்படுத்துவார்கள்.

நீர்க்கரை

யார் போகக்கூடாது? மாதவிடாய்ப் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று படித்தேன். தீட்டு என்கிற நம்ம ஊர்ச் சமாசாரமா?

மரிக்கொழுந்து

விலக்கு உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் அசுத்தம் இல்லை. அந்த நாட்களில் பெண்ணிடம் உள்ள ஆற்றல் தானே ஒரு தூய்மைச் சடங்கு, அது குடிலின் ஆற்றலோடு மோதும் என்பது விளக்கம். இந்த விளக்கம் எல்லாப் பெண்களுக்கும் ஏற்புடையது என்று சொல்ல மாட்டேன். விலக்கு விலக்குதானே என்று கேட்கிற லக்கோட்டாப் பெண்களும் உண்டு. நம்ம ஊர்த் தீட்டை நியாயப்படுத்த இதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

உடல்நிலைப்படி விலக வேண்டியவர்கள்: கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், காய்ச்சல் அல்லது பேதியிலிருந்து எழுந்தவர்கள், முந்தின நாள் குடித்தவர்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், வியர்வையைக் குறைக்கும் சில மனநல மருந்துகள் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. உடை பருத்தி. பெண்களுக்குக் கணுக்கால்வரை தளர்ந்த அங்கி, ஆண்களுக்கு அரைக்கால்சட்டையும் துண்டும். பாலியஸ்டர் சூட்டில் தோலோடு ஒட்டும். மோதிரம், தாலிச் சங்கிலி, கண் லென்ஸ் எல்லாம் கழற்றிவிட வேண்டும். உலோகம் தோலைச் சுடும்.

உள்ளே சூடு மேலே நிற்கும். தாங்காதபோது தலையைத் தரையோடு வைத்தால் மண் குளிர்ச்சியும் சேஜ் வாசனையும் கிடைக்கும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை, மண்ணுக்கு வணக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தெற்கத்தியான்

அப்ப நம்ம தோட்டத்துல ஒண்ணு கட்டிப் பார்க்கலாம்னு யோசிச்சேன். அளவெல்லாம் கைக்கு வந்துடுச்சே.

கருங்கல்

இதற்குத்தான் பயந்தேன் தம்பி. அளவு கொடுத்தது புரிந்துகொள்வதற்கு.

அமெரிக்க அரசு 1883-ல் கொண்டுவந்த விதிகளால் சூரிய நடனம் குற்றமானது, மருத்துவச் சடங்கு செய்வோருக்குத் தண்டனை வந்தது. பல பத்தாண்டுகள் ஒளிந்து ஒளிந்து காத்தார்கள். 1978-ல்தான் சமயச் சுதந்திரச் சட்டம். அப்படிக் காத்ததைப் பணம் வாங்கி விற்கிறார்கள் என்று 1993-ல் லக்கோட்டா, டகோட்டா, நகோட்டாப் பிரதிநிதிகள் கூடி, சுரண்டுவோர் மீது "போர்ப் பிரகடனமே" செய்தார்கள். 2003-ல் புனிதச் சுங்கானின் பத்தொன்பதாம் தலைமுறைக் காப்பாளர் ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் விடுத்த அறிக்கையில், இனிபி நடத்துபவர் சமவெளி மக்களின் மொழி அறிந்திருக்க வேண்டும், ஹன்ப்ளேச்சியாவும் நான்கு ஆண்டுச் சூரிய நடனமும் முடித்து அந்த உரிமையைச் சம்பாதித்திருக்க வேண்டும் என்றார்.

உரிமை என்பது வெறும் பட்டம் அல்ல. நான்கு ஆண்டும் சூரிய நடனத்தில் தண்ணீரில்லாமல் ஆடிய ஆளுக்குத் தாகம் எப்போது ஆபத்தாகிறது என்று தன் உடம்பிலேயே தெரியும். மூச்சின் சத்தம் மாறினால் இருட்டில் கண்டுபிடிப்பார். அகப்பையை அளந்து இடுவது அந்தக் காதுதான். ஒரே மடக்காக ஊற்றினால் ஆவி பீறிட்டு முகத்தைப் பொசுக்கும்.

நீர்க்கரை

அழைப்பு வந்தால்? விருந்தினராகப் போவது சரியா?

மரிக்கொழுந்து

இது அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாத விஷயம். சில குடும்பங்கள் அழைப்பார்கள், சிலர் மாட்டார்கள். அழைத்தால் போகலாம், கேட்டு வாங்கிக்கொண்டு போகக் கூடாது. நுழைவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். கையில் புகையிலை கொண்டுபோவது முறை. விறகு சுமப்பது, முடிந்தபின் எல்லோரும் சாப்பிடும் உணவுக்குப் பங்கு கொண்டுபோவது நல்லது. படம், ஒலிப்பதிவு வேண்டாம். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது.

ஆவிக்கணக்கு

ஒன்று சேர்த்துவிடுகிறேன். வெளியே நிற்கும் நெருப்புக் காவலர் இல்லாத குடிலுக்குள் போகாதீர்கள். கல் கொண்டுவருவதும் கதவு திறப்பதும் அவர் வேலை. உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் தளர்ந்தால் தெளிவாக இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

பக்கத்தில் இருப்பவர் உளறினாலும், கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டாலும், தள்ளாடினாலும் சுற்று முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியே இழுத்து நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் குளிர்நீர் ஊற்றி விசிற வேண்டும். தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டே நீரில் அமிழ்த்தலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுத்தான் இதெல்லாம் என்று நிற்க வேண்டாம், ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் தண்ணீர் ஊற்றட்டும். தெளிவாக இருப்பவர்களுக்கும் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் கொடுக்காமல் உப்புப் போட்ட கஞ்சியோ சூப்போ சேர்த்துக் கொடுங்கள். வியர்வையோடு போனதில் உப்பும் உண்டு.